இறுகிய மிதி

தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் சைக்கிளின் பின் பிறேக்கைப் பற்றி எழுதப் புகுவது இப்பக்கத்து வாசகர்களுக்கு வியப்பைத் தரலாம். தரினும் தருக. சென்ற மாரியில் ஒரு காலைப்பொழுது, கிளிவெட்டி வீதியிலே, வெள்ளைச் சீருடை அணிந்த பெண்பிள்ளை ஒருத்தியின் சைக்கிளுக்கும் என் வண்டியின் முன்சில்லுக்கும் இடையில் ஒரு முழம் மாத்திரமே எஞ்சி நின்றது. அந்த ஒரு முழம் எங்கிருந்து வந்தது, ஏன் ஒரு பாகமாக இருக்கவில்லை என்று ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

இரவெல்லாம் பெய்த மழை விடிந்த பின்னரே ஓய்ந்திருந்தது. வீதியின் இருமருங்கும் வயல்கள் வெள்ளம் நிரம்பிக் கிடந்தன. வயற்கரையிலிருந்து எருமைக்கன்று ஒன்று திடீரென வீதியில் ஏறிற்று. எனக்கு முன்னே சைக்கிளிற் சென்றுகொண்டிருந்த பிள்ளை அதற்கு விலகி வீதியின் நடுவுக்கு வந்துவிட்டாள். நான் வலக்காலால் மிதியை அழுத்தினேன். அது அசையவில்லை. பாறையை மிதித்தாற்போல இருந்தது. உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றினேன், சிறிதே இறங்கிற்று, பின்சில்லோ பிடிக்கவில்லை. கையாற் பற்றிய முன் பிறேக்கே என்னைக் காத்தது. அதுவும் ஈரமண் படிந்த தாரில் முன்சில்லை ஒருபக்கம் வழுக்கச் செய்து, வண்டியை முக்காற்பங்கு சாய்த்த பின்னரே நிறுத்திற்று.

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். என் வகுப்பிற் படிப்பவள்தான். “ஒண்டும் இல்ல சேர்” என்று எனக்கு ஆறுதல் கூறிவிட்டுச் சென்றாள். ஆறுதல் கூறவேண்டியவன் நான். நான் மறுபடி வண்டியைக் கிளப்பியபோது அது நகர மறுத்தது. மிதித்த மிதி மேலெழவில்லை. மிதிக்கும்போது பிடியாத பிறேக்கு, விட்ட பின்னர்ப் பிடித்துக்கொண்டது. காலணியின் நுனியால் மிதியை மேலே தூக்கிவிட்ட பின்புதான் சில்லு உருண்டது. அன்று எட்டாம் வகுப்பில் வேற்றுமைப் புணர்ச்சி நடத்தினேன்; என்ன நடத்தினேன் என்பது எனக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரிந்திராது.

இவ்வளவு பழைய வண்டியை ஏன் வைத்திருக்கிறீர் என்று வினவுவோர் உளர். கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த எங்கள் பகுதியின் போக்குவரத்தை அறிந்தோர் அவ்வாறு வினவார். 2009 ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குக் கிண்ணியா வழியாகச் செல்வதாயின் நீரைக் கடக்கப் ‘பாதை’யில் ஏறவேண்டும், அன்றேல் மூதூர் இறங்குதுறையிலிருந்து இயந்திரப் படகிற் போகவேண்டும். வீதியை நீர் மறிக்கும் இடங்களில் மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு மிதந்து செல்லும் தெப்பத்துக்குப் ‘பாதை’ என்று பெயரிட்ட கிழக்கிலங்கைத் தமிழனை நான் எப்பொழுதும் வியப்பேன். பாதை இல்லாதவிடத்து வருவதையே பாதை என்று அழைத்தான்! அக்காலத்தில் உப்புக்காற்றிலும் படகிலும் பாதையிலும் சென்றுவந்த வண்டி இது. மாரியில் மகாவலியின் கிளைகள் பெருக்கெடுத்து வீதியை மூடும் நாட்களிற் குறட்டளவு நீரில் இறங்கியும் ஏறியும் இருக்கிறது. சில்லின் நடுப்பாகத்தைக் குறடு என்பது பழைய இலக்கிய வழக்கு; எங்கள் ஊர்த் தச்சர் குடம் என்பர்.

பின்னர், புதிய வண்டி வாங்கலாம் என எண்ணிய வேளையில், 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் அத்தடை தளர்ந்தபோது, புதியவற்றின் விலை ஆசிரியனின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே எங்கள் வீதிகளில் முப்பது, நாற்பது ஆண்டு பழைமை வாய்ந்த யப்பானிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுட் பெயர்பெற்றது ஹொண்டா பென்லி. ‘பென்லி’ என்பது யப்பானிய மொழியில் வசதி என்னும் பொருள்படும் ‘பென்றி’ என்ற சொல்லின் திரிபு. பெயர்க்காரணம் அறிந்த நான், பிறேக்கின் காரணம் அறியாதிருந்தேன்.

அன்று மாலை வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பழைய மாணவன் ஒருவனின் கராஜுக்குச் சென்றேன். 2006 ஆம் ஆண்டுப் போரிற் சம்பூர்ப் பகுதியை விட்டகன்ற மக்களுட் பலர் பின்னர் கிளிவெட்டியில் இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்ததும், 2015 ஆம் ஆண்டு முதல் சிறிது சிறிதாக ஊர் திரும்பியதும் பலரும் அறிந்தவை. அவ்வாறு வந்த குடும்பமொன்றின் பிள்ளை அவன். குடும்பத்தார் திரும்பிச் சென்றனர். அவன் இங்கேயே தொழிலும் மனைவியுமாகத் தங்கிவிட்டான். இலக்கண வகுப்பில் அவனை எத்தனையோ முறை வாங்கின்மேல் நிற்கவைத்திருக்கிறேன். அவன் அதனை மறந்துவிட்டானோ, மறந்ததுபோலக் காட்டிக்கொண்டானோ, நான் அறியேன்.

“நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாற் போதுமா தம்பி?” என்றேன்.

“அவசரப்படாதீங்க சேர். எது இறுகியிருக்கு எண்டு முதல்ல பாப்பம்” என்றான்.

அவன் செய்த முதற்காரியம் எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைக் கையாற் சுழற்றினான். ஒரு சுற்றுக்கூட முழுமையாகச் சுழலாது நின்றது. பின்பு இழுகம்பியின் பின்முனையில் உள்ள நட்டை முழுவதும் கழற்றி, கம்பியைச் சில்லின் அருகேயுள்ள கையிலிருந்து பிரித்துவிட்டான். மிதி ஒருபுறம், கை மறுபுறம், இரண்டுக்கும் தொடர்பில்லை. பிரித்த பின்னர் ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைத்துப் பார்த்தான். நாங்கள் பழைய செய்யுளுக்குப் பொருள் காணும்போது முதலிற் செய்வதும் இதுவேயன்றோ? சந்தி பிரியாமற் பொருள் தேடுபவன் எச்சொல்லில் இடர்ப்படுகிறான் என்பதை அறியவே மாட்டான். கம்பியைக் கழற்றாமல் எண்ணெய் விட்டும் நட்டைத் திருகியும் பார்ப்பவன் நிலையும் அதுவே.

மிதியைக் கையால் அமுக்கினான். சற்றே கரகரத்ததாயினும் இறங்கிற்று. விட்டவுடன் அதன் சுருள்வில் மேலே இழுத்துக்கொண்டது. ஆகவே பெருங்குற்றம் மிதியில் இல்லை. மிதியின் முளையிற் சேறும் பழைய கிறீஸும் சேர்ந்து காய்ந்திருந்ததைப் பின்னர் மண்ணெண்ணெயாற் கழுவினான், அவ்வளவே. சில வண்டிகளில் நோய் முழுவதும் இம்முளையிலேயே இருப்பதுண்டாம். அப்படியாயின் சில்லைக் கழற்றும் வேலையே மிச்சம். அடுத்துச் சில்லின் பக்கத்துக் கையைப் பற்றித் திருப்பினான். அது வரவில்லை. இரு கைகளாலும் வலிந்து இழுத்தபோது சிறிது வந்து, வந்தவிடத்தே நின்றுவிட்டது.

“இதுதான் சேர். கேம் இறுகிப்போச்சு.”

கேம் என்பதை விளக்கவேண்டும். பழைய மோட்டார் சைக்கிளின் பின் பிறேக்கு வெளியே தெரிவதன்று. சில்லின் குடத்துக்குள் அமைந்தது. குடத்தின் உட்புறம் வழுவழுப்பான வட்டச் சுவராக இருக்கும். அச்சுவரின் உள்ளே, சில்லோடு சுழலாது நிற்கும் அலுமினியத் தட்டொன்றில், பிறைவடிவான இரண்டு கட்டைகள் எதிரெதிராக இருக்கும். இவற்றைச் ‘சூ’ என்பர். காலணி என்று மொழிபெயர்ப்பது பிழையன்றாயினும் நகைப்புக்கிடமாகும். பிறைகளின் ஒருமுனை நிலையான முளையொன்றைச் சார்ந்திருக்கும். மறுமுனைகள் இரண்டுக்கும் நடுவே ஓர் உருக்கு அச்சின் தட்டையான நுனி கிடக்கும். அதுவே கேம். மிதியை அழுத்தினாற் கம்பி இழுபடும். கம்பி கையை இழுக்கும். கை அச்சைத் திருப்பும். தட்டை நுனி நிமிர்ந்து பிறைகளை அகற்றும். அவை சுவரில் உராய்ந்து சில்லை நிறுத்தும். காலை எடுத்தால், பிறைகளைப் பிணைத்துள்ள சுருள்விற்கள் அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்கும். இரண்டு பிறைகளுள் ஒன்று சில்லின் சுழற்சியாலேயே மேலும் சுவரை நோக்கி இழுக்கப்படும். ஆகையாற் காலின் சிறிய அழுத்தம் பெரிய பிடிப்பாகின்றது. மிக எளிய பொறிதான். ஆயினும் அந்த உருக்கு அச்சு அலுமினியத் தட்டின் துளையிலே தடையின்றித் திரும்பினால்தான் எல்லாம் நடைபெறும்.

சில்லைக் கழற்றினான். கழற்றுமுன் பிறேக்குத் தட்டை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் நீண்ட தண்டின் பிளவாணியை எடுத்து, “இதைத் திருப்பிப் போட மறந்தா, பிறேக் பிடிச்ச உடனே தட்டு சுத்தி, கம்பியெல்லாம் முறுக்கி ஆளை விழுத்திப்போடும் சேர்” என்றான். பழைய பிளவாணியை மீண்டும் பயன்படுத்தலாகாது; புதிதிட வேண்டும். சில ரூபாய்ப் பொருள்.

குடத்தைத் திறந்தபோது உள்ளே கருநிறத் தூள் படிந்திருந்தது. நான் வழக்கம்போல ஊதப் போனேன். அவன் என் தோளைப் பிடித்துப் பின்னே இழுத்தான். ஆசிரியனை மாணவன் அவ்வாறு இழுப்பது வழக்கமன்று. பழைய சூக்களின் உராய்பட்டிகளிற் கல்நார் கலந்திருப்பதுண்டு. அத்தூள் நுரையீரலிற் புகுந்தால் ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் கொல்லும் நோயாக வெளிப்படும். எனவே ஊதுதலும் காற்றுக்குழாயால் அடித்தலும் கூடா. அவன் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியைப் பிளாத்திக்குப் பையில் இட்டுக் கட்டினான். எத்தனை கராஜ்களிற் சிறுபையன்கள் இந்தத் தூளை வாயால் ஊதுகின்றனர் என்பதை நான் கண்டிருக்கிறேன். மற்றவற்றை மறந்தாலும் இதனை மறவாதிருக்குமாறு, தொழிற்கல்வி பயிற்றும் அன்பர்களை வேண்டுகிறேன்.

சூக்களின் உராய்பட்டி ஏறக்குறைய மறைந்தேவிட்டது. இத்தகைய வண்டிகளில் 2 மில்லிமீற்றரிலும் குறைந்தால் மாற்றவேண்டும் என்பது பொதுவான அளவு. என் வண்டியில் ஓரிடத்தில் அதில் அரைவாசியும் இல்லை. இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவ்வகை வண்டிகளிற் சூவின் தேய்வை வெளியிலிருந்தே காட்டும் சிறிய அம்புக்குறி ஒன்று கையின் அடியில் உண்டு. மிதியை முழுவதும் அழுத்தும்போது அக்குறி தட்டிலுள்ள கோட்டை எட்டினாற் சூ முடிந்தது என்பது பொருள். நான் மாதந்தோறும் அதனைப் பார்ப்பவன். குறி கோட்டை எட்டவேயில்லை.

மாணவன் கையையும் அச்சையும் விளக்கருகே பிடித்துக் காட்டினான். அச்சின் தலையில் நுண்ணிய பற்கள் சுற்றிலும் வெட்டப்பட்டிருக்கும். கை அவற்றைப் பற்றி நிற்கும். எந்தப் பல்லில் எது பொருந்தவேண்டும் என்பதற்கு அச்சிலும் கையிலும் ஒவ்வொரு புள்ளி குத்தப்பட்டிருக்கும். இரு புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்கவேண்டும். என் வண்டியில் அவை விலகி நின்றன. குறியும் கையோடு சேர்த்துப் பின்னுக்கு நகர்த்தப்பட்டிருந்தது. ஈராண்டுகளுக்கு முன் வேறோர் ஊரிற் பிறேக்குத் தளர்ந்தது என்று ஒருவரிடம் காட்டியிருந்தேன். அவர் புதிய சூ இடாமல், கையை மாத்திரம் கழற்றிப் பற்களை மாற்றிப் பூட்டி, மீண்டும் பிடிக்கும்படி செய்து காசு பெற்றுக்கொண்டார். மூலத்தின் சிதைவை ஆராயாது, தம் உரைக்கு ஏற்பப் பாடத்தையே மாற்றி அச்சிட்டுவிடும் பதிப்பாசிரியரை நான் அறிவேன். மோட்டார் சைக்கிளிலும் அவர் இருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவரை மட்டும் நோவதற்கில்லை. ஞாயிறுதோறும் பின்னேயுள்ள நட்டை அரைத்திருகு திருகிவிட்டு, வண்டியைப் பேணியதாக மனநிறைவு கொண்டவன் நான். சூ தேயத் தேய, நட்டை முடுக்க முடுக்க, கம்பியோடு கை கொள்ளும் கோணம் மாறிக்கொண்டே போயிற்று. பிறேக்குப் பிடிக்கும் தருணத்திற் கம்பிக்கும் கைக்கும் இடையே ஏறத்தாழச் செங்கோணம் இருத்தல் வேண்டும். அப்பொழுதே காலின் வலு முழுவதும் அச்சைத் திருப்பும். கதவொன்றை அதன் ஓரத்தில் நேரே தள்ளினாற் குழந்தையும் திறக்கும். அதே ஓரத்தைப் பற்றிப் பிணைச்சலை நோக்கித் தள்ளினாற் பயில்வானும் திறக்கமாட்டான். என் கால் ஈராண்டுகளாகப் பிணைச்சலை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மிதி கல்லாய் நின்றமைக்கு இஃது ஒரு காரணம். அதற்கு மேல், கேம் இறுகியமை மற்றொன்று. இரண்டும் சேர்ந்து வந்தபடியால் ஒன்றை மற்றது மறைத்துவிட்டது.

2022 ஆம் ஆண்டில், மோட்டார் சைக்கிள்களுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கிட்ட நாட்களில், அயலார் அனைவருக்கும் காணும் எண்ணெய் எனக்கு மாத்திரம் காணாமற் போனதும் நினைவுக்கு வந்தது. அன்றே பிறேக்குச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டிருந்ததோ என்னவோ! ஓட்டம் முடிந்து நிறுத்தியபின் பின்சில்லின் குடத்தருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால், அது சுட்டிருக்கும், ஐயமும் தீர்ந்திருக்கும்.

கேமைத் துளையிலிருந்து வெளியே எடுத்தது அன்றைய வேலைகளுட் கடினமானது. தட்டைச் சூடாக்காது, சுத்தியலால் நேரே அடியாது, துருநீக்கும் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுத்திருந்து, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டி, முன்னும் பின்னும் திருப்பி எடுத்தான். அச்சிலே செந்துரு, துளையிலே அலுமினியம் அரித்த வெண்பொடி, இரண்டுக்கும் நடுவே ஒருகாலத்திற் கிறீஸாக இருந்த கரிய பிசின். உப்புக்காற்றும் வெள்ளநீரும் எழுதிய வரலாறு அது. நுண்ணிய உரத்தாளால் அச்சைச் சுற்றித் தேய்த்து, மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்தபின், விரலாற் செருகினாலே வழுக்கிச் செல்லும் நிலைக்கு வந்தது.

என் பாட்டனார் வண்டில் வைத்திருந்தவர். வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்து மசகு செய்து, ஒரு மூங்கிற் குழாயில் அடைத்து வண்டிலின் அடியிற் கட்டித் தூக்கியிருப்பார். அச்சு கீச்சிட்டால் வண்டிலை நிறுத்தி இடுவார். மாடு இளைக்கக்கூடாது என்பது அவர் கவலை. சங்ககாலத்து உமணர், வழியில் அச்சு முறியுமோ என அஞ்சி, வண்டியின் கீழ்ச் சேம அச்சொன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஒளவையார் உவமையாக அமைத்திருக்கிறார். நான் அதனை ஆண்டுதோறும் உயர்தர வகுப்புக்கு நயம்பட விளக்குபவன். பிள்ளைகள் குறிப்பெடுப்பர். என் வண்டியின் அச்சுக்கு மசகிட வேண்டும் என்ற எண்ணம் ஒருநாளும் எழுந்ததில்லை.

மாணவனோ கிறீஸைத் தாராளமாக இடவில்லை. நான் விரல் நிறைய எடுத்து நீட்டியபோது தடுத்துவிட்டான். வெப்பம் தாங்கும் கிறீஸை அச்சின் உடலில் மெல்லிய படலமாகவும், கேமின் தட்டை முகங்களிலும் பிறைகள் சாரும் முளையிலும் தொட்டாற்போலவும் பூசி, மிகுந்ததைத் துணியால் எடுத்துவிட்டான். மிகுந்தால் வெப்பத்தில் உருகிச் சூவின்மேல் வடியும். வடிந்தாற் பிறேக்கே இல்லை. அச்சின் வெளிப்புறத்தில் நீரும் தூசும் புகாதவாறு கம்பளிவளையம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு துளி இயந்திர எண்ணெய். பிறகு புதிய சூக்கள், புதிய சுருள்விற்கள், புள்ளிக்கு நேர் புள்ளியாகக் கை. சுவரின் உட்புறத்தையும் விரலாற் தடவிப் பார்த்தான். ஓரத்திற் தேயாத மேடு உயர்ந்திருந்தால், புதிய சூவும் அதில் மாட்டி இறுகும். குடத்தின் உள்விட்டம் எவ்வளவுவரை பெருகலாம் என்ற எண்ணும் அதிலேயே பொறித்திருக்கும். நல்லவேளையாக என் குடம் பிழைத்துக்கொண்டது.

பூட்டும்போது அவன் செய்த ஒரு சிறு காரியத்தைக் கூறாது விடலாகாது. அச்சின் பெரிய நட்டை முழுவதும் முடுக்காது வைத்துக்கொண்டு, என்னை மிதியை அழுத்திப் பிடிக்கச் சொன்னான். நான் அழுத்தியிருக்கையிலேயே நட்டை முடுக்கினான். சூக்கள் இரண்டும் சுவரை ஒப்பப் பற்றியிருக்கும் நிலையிற் தட்டு நடுவே அமைந்துவிடுகிறது. பின்னர் ஒருபக்கம் உரசி மறுபக்கம் பிடியாது நிற்பதில்லை. செலவில்லாத வேலை. எத்தனை பேர் செய்கிறார்கள்?

இறுதியாக மிதியின் தளர்வு. பிடிக்கத் தொடங்குமுன் மிதியின் நுனி 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை சும்மா இறங்கவேண்டும். நான் அதனைக் குறை என்று எண்ணியே ஞாயிறுதோறும் இல்லாதாக்கிக்கொண்டிருந்தேன். சில்லை மீண்டும் சுழற்றினான். தானாகச் சுழன்று, நெடுநேரம் கழித்து ஓசையின்றி நின்றது. புதிய சூக்கள் சுவரோடு பொருந்த ஓரிரு நூறு கிலோமீற்றர் செல்லும். அதுவரை விரையாதீர் என்றும், பின் பிறேக்கு நன்றாயிற்று என்பதற்காக அதையே நம்பி முன் பிறேக்கை மறவாதீர் என்றும் சொன்னான். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால், காய்ந்த வீதியில் நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன்சில்லினுடையது. ஈரமண்ணில் முன்சில்லு வழுக்கினால் மீட்பது அரிது. ஆதலால் இரண்டும் வேண்டும், ஒருங்கே வேண்டும்.

வீதியில் ஏறி, ஆளில்லாத இடத்தில் மிதித்துப் பார்த்தேன். வண்டி நேரே நின்றது. மிதி காலோடு மேலெழுந்தது. அந்தப் பிள்ளையின் சைக்கிள் நின்ற இடத்தை மனத்தால் அளந்து பார்த்தேன். ஒரு பாகத்துக்கு மேலே இருந்தது.

காசு கொடுக்கப்போனேன். பொருள்களின் விலையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, வேலைக்கு வேறொன்று கேட்டான். கராஜுக்கு அனுமதிப்பத்திரம் பெறப் பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேண்டுமாம். அவனுடைய எண்ணெய்ப் பலகையிலேயே தாளை வைத்து, தூய தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். அவன் துடைத்த கையால் வாங்கிப் படித்தான். இரண்டாம் வரியில் நின்றுவிட்டான்.

“சேர், இந்த ‘ஈருருளித் திருத்தகம்’ எண்டா என்ன?”

தாளை வாங்கி, அதனை வெட்டிவிட்டு, ‘மோட்டார் சைக்கிள் கராஜ்’ என்று எழுதிக் கொடுத்தேன்.